அரியர் தாளில் இருப்பது ஏழாம் வகுப்புக் கணக்கு

(ஒன்றிய அளவில் தொடக்கநிலை, உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்காக நடைபெற்ற கணிதக் கலந்தாய்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரியில் நடக்கும் வணிகக் கணிதத்தைப் பற்றிப் பேசப் பள்ளி ஆசிரியைக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். வேலை இருக்கிறது. சில ஆண்டுகளாக, எங்கள் பள்ளியில் படித்துவிட்டு அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்த பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே என்னைத் தேடி வருகிறார்கள். கணக்குப்பதிவியல் வருகிறது, பொருளாதாரம் வருகிறது, இந்த ஒரு தாள் மட்டும் வரவில்லை என்கிறார்கள். அரியர் விழுந்த பிறகு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் பெரும்பாலும் அவர்கள்தான். ஒரு தாளில் தோற்றால் எழுந்து நின்று மறுபடி எழுதலாம் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. "நமக்குப் படிப்பு ஏறாது போல" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இவர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். மேல்நிலையில் வணிகவியல் பிரிவு எடுத்தவர்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் அந்தப் பிரிவின் நான்காவது பாடம் பெரும்பாலும் கணினிப் பயன்பாடுகள்தான். வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள பிரிவு எல்லாப் பள்ளியிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கணக்குக்குப் பயந்து இவர்கள் அதை எடுப்பதில்லை. ஆக, கடைசியாகக் கணிதப் புத்தகத்தைத் தொட்டது பத்தாம் வகுப்பில். இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அணிகள், வகையிடல், அன்யூட்டி என்று கல்லூரியில் ஆரம்பிக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றது எப்படி? நமக்குத் தெரியாததா! தேர்ச்சிக்கு 35. செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இந்த முப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு மதிப்பெண் வினா மூன்றைத் தேற்றினால் பிள்ளை கரையேறிவிடும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு நாம் எல்லோரும் எடுக்கும் வழி இது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பிளஸ் 1 வாசலையே தாண்டியிருக்காது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதும் வடிவொத்த முக்கோணம் வரைவதும் வணிகக் கணிதத் தாளில் வரவே வராது. அங்கே வருவது சதவீதம், விகிதம், தசமம், குறி, அடுக்கு. எந்தப் பகுதி அவர்களைத் தூக்கிவிட்டதோ அது அங்கே பயன்படவில்லை. எந்தப் பகுதியைத் தொடாமல் தாண்டி வந்தார்களோ அதுதான் முழுத்தாளும்.

அவர்களுடைய கல்லூரித் தேர்வு விடைத்தாள்களைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்து பார்த்தேன். கல்லூரி ஆசிரியர் சொல்லிக்கொடுத்த புதிய பகுதியில் தவறு குறைவு. இதுதான் எனக்கு ஆச்சரியம். சூத்திரம் சரியாக எழுதியிருக்கிறார்கள். எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்பதும் ஓரளவு தெரிகிறது. சறுக்குவது அடுத்த வரியில்.

ரூ.10,000 அசல், ஆண்டுக்கு 12 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி, ஓராண்டு முடிவில் எவ்வளவு? காலாண்டுக்கு 3 சதவீதம், நான்கு காலாண்டு. இதுவரை சரி. 3 சதவீதத்தை 0.3 என்று எழுதிவிட்டான் ஒரு பையன். 1.03 இருக்க வேண்டிய இடத்தில் 1.3. அதை நான்கு முறை பெருக்கி விடை ரூ.28,561 என்று கட்டம் கட்டிக் காட்டியிருந்தான். சரியான விடை ரூ.11,255.09. இடமதிப்புத் தவறு ஒருபுறம் இருக்கட்டும். பத்தாயிரம் ரூபாய் ஒரே வருடத்தில் இருபத்தெட்டாயிரம் ஆகுமா என்று அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. "ஏப்பா, இப்படி ஒரு பேங்க் இருந்தா எனக்கும் சொல்லு" என்றேன். சிரித்தான். பிறகு அவனே தசமப் புள்ளியைப் பார்த்துத் திருத்தினான். அதாவது திருத்தத் தெரிகிறது. விடையைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

இன்னொரு தாள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்துப் பொருளின் விலை ரூ.1,180. வரி இல்லாமல் எவ்வளவு? 1,180இல் 18 சதவீதம் 212.40. கழித்து, ரூ.967.60. இப்படி எழுதியவர்கள் பலர். 18 சதவீதம் எதன்மேல் போடப்பட்டது, பழைய விலையின் மேலா, புதிய விலையின் மேலா என்ற கேள்வியே எழவில்லை. 1,000 ரூபாய்க்கு 18 சதவீதம் சேர்த்துப் பார் என்றால் உடனே 1,180 என்று சொல்கிறார்கள். முன்னால் போகத் தெரியும், பின்னால் வரத் தெரியாது. வணிகக் கணிதத்தில் பாதிக்கு மேல் பின்னால் வருகிற கணக்குதான். இன்றைய மதிப்பு, உண்டியல் தள்ளுபடி, அசல் காணுதல் எல்லாமே.

அணிகள் என்றால் பயப்படுகிறார்கள். ஆனால் அது ஒரு நாளில் பிடிபடுகிற பகுதி. பத்தாம் வகுப்பிலும் பார்த்ததுதான். பிரச்சினை எங்கே வருகிறது? முதல் நிரை 2, −3. இரண்டாம் நிரை 4, −5. அணிக்கோவையின் மதிப்பு என்ன? முதலில் −10. அதிலிருந்து −12ஐக் கழிக்க வேண்டும். −10, கூட்டல் 12, விடை 2. பிள்ளைகள் எழுதுவது −22. அணி நேர்மாறு முழுவதும் அதற்குப் பிறகு எத்தனை ஒழுங்காகச் செய்தாலும் வீண். இது கல்லூரிக் கணக்கா? ஆறாம், ஏழாம் வகுப்பு முழுக்கள் பாடம்.

வகையிடலும் அப்படியே. எக்ஸின் அடுக்கு 3 என்றால் விடை சரியாக வருகிறது. 1 கீழ் எக்ஸ் என்று கொடுத்தால் பேனா நின்றுவிடுகிறது. அது எக்ஸின் அடுக்கு −1 என்று மாற்றி எழுதத் தெரியவில்லை. வர்க்கமூலம் என்றால் அடுக்கு அரை என்பதும் தெரியவில்லை. மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டால் வகையிட்டுவிடுகிறார்கள்.

இங்கே நம்மோடு சேர்த்துப் பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்." நாம் எல்லோரும் சொல்லும் வாக்கியம். வேகமாக வேலை முடியும். ஆனால் கல்லூரி வரை அந்த வாக்கியம் மட்டும்தான் போய்ச் சேர்கிறது, காரணம் போய்ச் சேர்வதில்லை. 2 எக்ஸ் = 10 என்றால் எக்ஸ் = 10 − 2 = 8 என்று எழுதும் பி.காம். மாணவியைப் பார்த்தேன். எக்ஸ் = −5 என்று எழுதிய இன்னொருவனையும் பார்த்தேன். இருவரும் விதியை மீறவில்லை. "பக்கம் மாறினால் குறி மாறும்" என்ற விதியை அப்படியே பின்பற்றியிருக்கிறார்கள்! தராசின் இரண்டு தட்டிலும் ஒரே வேலையைச் செய்கிறோம், இரண்டு பக்கத்தையும் 2ஆல் வகுக்கிறோம் என்று ஏழாம் வகுப்பில் நான்கு வாரம் கூடுதலாகச் சொல்லவைத்தால் இந்தத் தவறு வராது. கூட்டு வட்டிச் சூத்திரத்திலிருந்து அசலைத் தனியே எடுக்க வேண்டிய இடத்தில்தான் இதன் அருமை தெரியும்.

அடுத்தது கால்குலேட்டர். அது இருக்கிறதே, பிறகு என்ன கஷ்டம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். கடையில் வாங்கும் சாதாரண கால்குலேட்டரில் 1 + 0.12 ÷ 4 என்று வரிசையாக அழுத்திப் பாருங்கள். 0.28 என்று வரும். போட்ட வரிசையிலேயே அது கணக்குப் போடும். முதலில் கூட்டி, பிறகு வகுத்துவிடும். அதையே கைப்பேசியில் அழுத்தினால் பெரும்பாலும் 1.03 வரும். வீட்டில் கைப்பேசியில் பழகிவிட்டு, தேர்வறையில் சாதாரண கால்குலேட்டரோடு உட்காரும் பிள்ளைக்கு ஏன் விடை மாறுகிறது என்றே தெரிவதில்லை. எந்தச் செயலை முதலில் செய்ய வேண்டும் என்பது தெரிந்தவருக்குத்தான் கருவி உதவும்.

மொழியையும் சொல்லியாக வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழி பி.காம். போனவர்கள் இவர்கள். முதல் வாரம் "பிரின்சிபல்" என்ற சொல்லைக் கேட்டு, இந்தக் கணக்கில் கல்லூரி முதல்வர் எங்கே வருகிறார் என்று நினைத்தேன் என்றாள் ஒருத்தி. அசல் என்று சொன்னால் அவள் அம்மாவுக்கே தெரியும். இதற்கு நான் கண்ட எளிய வழி ஒன்று உண்டு. நம் பாடநூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் ஒரே வரிசையில் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதம் பாடத்தை எடுத்து, ஒரே பக்கத்தை முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில் படிக்கச் சொன்னேன். தெரிந்த கணக்கு, தெரியாத மொழி. இரண்டும் தெரியாததாக இருக்கும்போது வரும் பயம் இதில் வருவதில்லை. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு நாற்பது, ஐம்பது சொல் சேர்த்தார்கள். அவ்வளவுதான் தேவைப்படுகிறது. வணிகக் கணிதத்தின் ஆங்கிலம் பெரிய கடல் இல்லை.

இனி, தேறியவர்கள் எப்படித் தேறினார்கள் என்பதற்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், எட்டு வாரம். கல்லூரி நோட்டை முதல் மூன்று வாரம் திறக்கவே கூடாது என்றேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "இன்டர்னல் வருது டீச்சர்" என்று அவசரப்பட்டார்கள். காலேஜ் போன பிறகு ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பது வெட்கமாகவும் இருந்தது. ஒருவன் செய்தித்தாள் அட்டை போட்டு மறைத்துக்கொண்டு வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அட்டை போட்டாவது வருகிறானே.

ஆறாம் வகுப்பில் விகிதமும், பட்டியல், இலாபம், நட்டமும். ஏழாம் வகுப்பில் சதவீதமும் தனிவட்டியும். எட்டில் வாழ்வியல் கணிதம். இடையில் முழுக்களும் அடுக்குகளும். இதை ஒரு சின்னப் பிள்ளைக்கு நடத்த ஆகும் நேரம் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஆகாது. ஏழாம் வகுப்பில் மூன்று வாரம் எடுப்பதை ஒரு காலையில் முடிக்கலாம், ஏனென்றால் இப்போது அவர்களுக்கு அது எதற்கு என்று தெரிகிறது. நான்காம் வாரம் பிளஸ் 1 வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் நூலுக்குப் போனோம். அணிகள், வகை நுண்கணிதம், நிதியியல் கணிதம் எல்லாம் அதில் இருக்கின்றன. இவர்கள் படிக்காமல் விட்ட புத்தகம் அது. கல்லூரித் தாளின் பெரும்பகுதிக்கு அதைவிடத் தெளிவான நூல் எனக்குத் தெரியவில்லை. கல்லூரிக்குப் போனவர்கள் அதைத் தொடுவதில்லை, பள்ளிப் புத்தகம்தானே என்று.

எல்லா வாரமும் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்டேன். எதற்கு, எவ்வளவு காலத்துக்கு? வட்டி வீதம் என்று யார் சொன்னாலும் இந்த இரண்டும் தெரியாமல் பேனாவை எடுக்கக் கூடாது. நம் ஊரில் "ரெண்டு வட்டி" என்கிறார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கியில் 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு. இரண்டு பெரியதா, பன்னிரண்டு பெரியதா என்று கேட்டதும் அறையே கலகலத்தது. வீட்டில் கேட்டுப் பழகிய சொல்லுக்கும் பாடத்தில் உள்ள சொல்லுக்கும் அன்றுதான் பாலம் விழுந்தது.

அந்த வகுப்பில் இருந்த மாணவி ஒருத்தி அடுத்த வாரம் அவள் அம்மாவின் கடன் அட்டையைக் கொண்டுவந்தாள். ரூ.12,000 கடன், பன்னிரண்டு மாதத் தவணை, ஆண்டுக்கு 12 சதவீதம்தான் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வட்டி ரூ.1,440. மொத்தம் 13,440. மாதம் 1,120. "கணக்கு சரியாத்தானே டீச்சர் இருக்கு?" என்றாள். முதல் மாதம் அம்மா கையில் எவ்வளவு கடன்? 12,000. கடைசி மாதம்? ஆயிரம். பிறகு ஏன் பன்னிரண்டு மாதமும் 12,000க்கு வட்டி? அவளே பன்னிரண்டு வரி எழுதினாள். 12,000, 11,000, 10,000 என்று இறங்கி வந்து சராசரி 6,500. 6,500 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 1,440 என்றால் 22 சதவீதம். இன்னும் நுணுக்கமாகப் போட்டால் இருபத்தொன்றைத் தாண்டி நிற்கும். எப்படிப் பார்த்தாலும் 12 இல்லை. சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. ஆனால் அன்யூட்டி பாடம் அவளுக்கு அதன்பின் கஷ்டமாக இருக்கவே இல்லை. தவணை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த பருவத்தில் அந்தத் தாளைத் தேறினாள். அம்மா இப்போது கடன் வாங்கும் முன் அவளைக் கேட்கிறார்.

எல்லோரும் தேறினார்கள் என்று சொல்ல மாட்டேன். அட்டை போட்டுக்கொண்டு வந்த பையன் ஐந்தாவது வாரத்தோடு நின்றுவிட்டான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்குக் கணக்கு வர ஆரம்பித்திருந்தது.

கல்லூரி ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. எழுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் 0.3க்கும் 0.03க்கும் வித்தியாசம் சொல்ல அவர்களுக்கு நேரம் கிடைக்காது. அது நம் இடத்தில் நடக்க வேண்டியது. ஆகவே இங்கே இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று கேட்கிறேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களே, விடை எழுதும் முன் "சுமாரா எவ்வளவு வரும்?" என்று ஒரு முறை கேளுங்கள். 19 × 21 எழுதும் முன் 400 பக்கம் வரும் என்று சொல்லிப் பழகிய பிள்ளை 28,561ஐக் கட்டம் கட்டாது. தசமம் வரும்போது ரூபாய், பைசாவோடு நிறுத்திவிடாதீர்கள். பைசா இன்று பிள்ளைகள் கையில் இல்லை. மீட்டர் அளவுகோலில் 3 செ.மீ. என்பது 0.03 மீ. என்று விரல் வைத்துக் காட்டுங்கள். நூறு கட்டத் தாளில் மூன்று கட்டம் வண்ணமடிப்பதும் அதே வேலையைச் செய்யும்.

ஆறு முதல் எட்டு வரை எடுப்பவர்கள் சதவீதக் கணக்கு ஒவ்வொன்றையும் திருப்பிப் போடச் சொல்லுங்கள். 20 சதவீதம் ஏறி, 20 சதவீதம் இறங்கினால் பழைய விலை வருமா? நூறு 120 ஆகி, 96 ஆகும். ஏன் நான்கு ரூபாய் குறைந்தது என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். அந்தச் சண்டை பத்துப் பயிற்சிக் கணக்குக்குச் சமம்.

மேல்நிலையில் வணிகவியல், கணக்குப்பதிவியல் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தேய்மானம் நடத்துகிறீர்கள். ரூ.1,00,000 இயந்திரம், குறைந்து செல் மதிப்பு முறையில் 10 சதவீதம். 90,000, 81,000, 72,900. இது கூட்டு வட்டியை இறக்கத்தில் பார்ப்பது. ஒவ்வொரு முறையும் 0.9ஆல் பெருக்கினால் போதும் என்று அங்கே ஒரு நிமிடம் நின்று சொல்லுங்கள். கணிதம் எடுக்காத பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டில் கணிதம் கிடைக்கும் இடம் உங்கள் வகுப்பு மட்டும்தான். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் பிளஸ் 1 வணிகக் கணிதப் புத்தகத்தின் பெயரையும் சொல்லி அனுப்புங்கள். தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை கிடைக்கும் வாரங்கள் அதற்குப் போதும்.

பத்து வினாக்கள் கொண்ட ஒரு தாளை அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். சதவீதம் மூன்று, குறி இரண்டு, தசமம் இரண்டு, சமன்பாடு இரண்டு, அடுக்கு ஒன்று. எட்டாம் வகுப்பிலும் பிளஸ் 2 வணிகவியல் பிரிவிலும் ஒரே நாளில் இதைக் கொடுத்துப் பாருங்கள். இருபது நிமிடம் போதும். மதிப்பெண் போட வேண்டாம், எந்த வினாவில் எத்தனை பேர் தவறினார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். தாள்கள் கதவருகே மேசையில் இருக்கின்றன.